மோதினார் கேட்ட மஸ்அலா

முகைதீன்பாவா மோதினாரைப் பற்றி ஏறாவூரில் யாரைக் கேட்டாலும், "நல்ல மனுசன், பாவம்" என்று ஒரு பெருமூச்சு விடுவார்கள். அந்தப் "பாவம்" என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நன்றாக இருந்த மனிதனைப் பாவமாக்கியது யார்? வானத்திலிருந்து வந்து விழுந்ததா? கை நீட்டிச் சொல் என்றால் முதல் விரலை என் நெஞ்சுக்கு நேரேதான் நீட்டுவேன். நான் அந்தப் பள்ளிவாசலின் பேஷ் இமாம். நான் இங்கே வந்த பிறகு பதினொரு வருடம் அவர் பாங்கு சொன்னார், நான் தொழுவித்தேன்.

அவருடைய வாப்பா அஹமட் கைத்தறியில் சாறன் நெய்தவர். ஐம்பது வயதில் "மூலவருத்தம்" என்று மூன்று மாதம் படுத்தார், மௌத்தானார். அப்போது முகைதீன்பாவாவுக்கு இருபத்து மூன்று வயது, தம்பி இஷாமுக்குப் பத்து. அடுத்த வருடம் உம்மாவும் போய்விட்டார். கட்டாருக்குப் போகவென்று எடுத்த பாஸ்போட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, தம்பியை வளர்ப்பதற்காக இந்தப் பள்ளியில் மோதினாராகச் சேர்ந்தார். கைறுன்னிஸாவைக் கலியாணம் முடித்தார். பிள்ளை கிடைக்கவில்லை. யாராவது அதைப் பற்றி வாயைத் திறந்தால், "இஷாம் இரிக்கான்தானே, அவனுக்கு மேல ஒரு மகனா?" என்று சிரித்துவிட்டுப் போவார். அந்த இஷாம் இப்போது ஓட்டோ ஓட்டுகிறான். இரண்டு பிள்ளைகளின் வாப்பா.

மோதினாருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. சுத்தப் பைத்தியம். எங்கள் பள்ளி வாவிக்கரையில் இருக்கிறது. காற்றடித்தால் சேற்று வாடை உள்ளே வரும். அதற்கே அவர் மூக்கைச் சுளிப்பார். வுழூச் செய்கிற தொட்டியை வாரத்துக்கு இரண்டு தரம் இறைத்துக் கழுவுவார். கக்கூசைக் கழுவ ஆள் பிடிக்கலாம் என்று நிர்வாகசபை சொன்னபோது, "நான் கழுவினாத்தான் எனக்கு நிம்மதி" என்று மறுத்துவிட்டார். தொழுகை நேரத்துக்கு நான் இரண்டு நிமிடம் பிந்தி வந்தால், வாசலில் நின்றுகொண்டு, "வக்து வந்திட்டு ஹஸரத், நீங்கதான் வரல்ல" என்று நக்கலடிப்பார். எனக்குக் கோபம் வரும். மறுநாளும் பிந்துவேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்து சனம் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாயின் ஓரத்தைப் பிய்த்தார். மின்விசிறியைப் பற்றி ஏதோ கதைத்தார். பிறகு, "ஹஸரத், ஒரு மஸ்அலா கேக்கணும்" என்றார். மார்க்கச் சட்டத்தில் ஒரு சந்தேகம் என்று அர்த்தம்.

"கேளுங்க."

"ஒராளுக்குப் பின்பக்கத்தால ரத்தம் வருகுது. நிக்கிதில்ல. நிண்டாலும் மறுகா வருகுது. அவர்ர வுழூ என்ன மாதிரி?"

எங்களூரில் வெட்கமான கேள்வி எல்லாம் "ஒராளுக்கு" என்றுதான் ஆரம்பிக்கும். அந்த ஆள் யார் என்று கேட்பது அழகில்லை. நானும் கேட்கவில்லை. தெரிந்துகொண்டே கேட்கவில்லை. தொழுகைக்கு முன் கை முகம் கால் கழுவிச் செய்கிற வுழூ, பின்பக்கத்தால் இரத்தம் வந்தால் முறிந்துவிடும். நாளுக்கு ஐந்து வேளை பள்ளியில் நிற்கிற மனிதனுக்கு அது எவ்வளவு பெரிய இடி என்று எனக்கு விளங்கியது. எழுந்துபோய் அலுமாரியிலிருந்து கிதாபை எடுத்து வந்தேன். பக்கத்தைப் புரட்டினேன். தொடர்ந்து இப்படி வருகிறவருக்குச் சலுகை உண்டு. தொழுகை நேரம் வந்ததும் கழுவி, துணி வைத்துக் கட்டி, வுழூச் செய்து, தாமதிக்காமல் தொழ வேண்டும். அதற்குப் பிறகு வந்தாலும் தொழுகை கூடும். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகச் செய்ய வேண்டும்.

"அப்ப பாங்கு?"

"பாங்கு சொல்ல வுழூ கட்டாயமில்ல. சுன்னத்துதான்."

அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! பத்து வயது குறைந்தது. என் கையைப் பிடித்து முத்தமிட்டார். "அல்லாஹ் ஒங்களுக்கு ஹயாத்த நீட்டித் தரணும் ஹஸரத். ரெண்டு மாசமா இந்த மண்டையிடி" என்றார். "ஒராள்" என்று ஆரம்பித்ததை மறந்துபோனார். எனக்கும் ஒரே பெருமை. மனிதனின் மனப்பாரத்தை இறக்கிவைத்துவிட்டேனாம்.

கிதாபில் உள்ளது சரிதான். இன்றைக்கு யாராவது வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்ல வேண்டும். அதுதான் என்னைத் தின்கிறது. பிழையாகச் சொல்லியிருந்தால் தௌபாச் செய்து திருந்தலாம். சரியாகச் சொல்லி ஒரு மனிதனை வீட்டுக்கு அனுப்பியவன் எங்கே போய் நிற்பது? "டொக்டருக்குக் காட்டினீங்களா?" என்ற இரண்டு சொல் என் வாயில் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை முக்கால் மணித்தியாலம் ஓயாமல் பேசுகிற வாய் இது. தூ!

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் அந்த மனிதர் சட்டத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். வேளைக்கு வேளை கழுவினார், துணி மாற்றினார். பழைய சாறன்களை நீளமாகக் கிழித்து, மடித்து, பள்ளியின் களஞ்சிய அறையில் ஒரு பையில் வைத்திருந்தார். உடுப்பைத் தானே துவைத்தார். கைறுன்னிஸா பிறகு என் மனைவியிடம் சொல்லி அழுதாராம்: "எனக்கு இடுப்பு நோவு என்டு இரக்கத்துலதான் துவைக்காரு என்டு நெனச்ச ராத்தா. அக்கத்துப் பக்கத்துப் பொண்டுகளுக்கெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச." மூலம் இருக்கிறது, உடம்பு சூடு என்று மட்டும் மனைவிக்குத் தெரியும். வெந்தயக் கஞ்சி காய்ச்சினார். எருமைத் தயிர் கொடுத்தார். மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கினார்கள். இரத்தம் சில வாரம் குறைந்தது. குறைந்தவுடன் களிம்புக்கு நல்ல பேர். மறுபடி வந்ததும், கோழி சாப்பிட்டதால் சூடு கிளம்பிவிட்டது என்றார்கள்.

மெலிந்தார். கழுத்தெலும்பு தெரிந்தது. சாப்பிட்டால் வெளிக்குப் போக வேண்டி வரும் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். ஊர் என்ன சொன்னது தெரியுமா? மோதினார் திங்களும் வியாழனும் கடமைக்கு மேலே நபிலான நோன்பு பிடிக்கிறார் என்றது. சொன்னவர்களை விடுங்கள், நான் செய்ததைக் கேளுங்கள். ஒரு குத்பாவில் மிம்பரில் ஏறி நின்று, "எங்கட மோதினாரப் பாருங்க, ஒலக ஆசைய விட்ட மனுசன்ட முகம் எப்பிடி இரிக்கும் என்டு பாருங்க" என்று அவரைக் கை காட்டினேன். முந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அது பணிவு என்று நினைத்தேன். சோகை பிடித்த முகத்தைக் காட்டி ஈமானின் ஒளி என்று பிரசங்கம் செய்த ஆலிம் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒரே ஒரு ஆள் சரியாகக் கேட்டார். பள்ளிக்குப் பின்னால் வாவியில் தோணி கட்டுகிற அழகரத்தினம். ஒருநாள் காலையில் மீன் கூடையோடு நின்று, "மௌலவி, உங்கட மோதினாருக்கு என்ன வருத்தம்? ஆள் வெள்ளைக் கடதாசி போலக் கிடக்காரு. கையக் காலப் பிடிச்செண்டாலும் ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார்.

"அவர் நோன்பு" என்று சொன்னேன்.

"நோன்பெண்டா முகம் இப்பிடி வெளுக்குமா? எனக்குத் தெரியாது, நீங்க படிச்ச ஆள்" என்று அவர் போய்விட்டார். படித்த ஆள் நான், வீட்டுக்குப் போய்ப் பிளேன்ரீ குடித்தேன்.

பிறகு ஒரு புதன்கிழமை லுஹர் பாங்கு பாதியில் நின்றது. ஊரில் எத்தனையோ பள்ளி, ஒன்றின் பாங்கு நின்றால் யாருக்கும் தெரியாது. நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் மைக்குக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். உதடு வெளிறிப் போயிருந்தது. சாறனில் இரத்தம். "பாங்க முடிங்க ஹஸரத்" என்றார். முடித்தேன். தொழுவிக்க வேறு ஒருவரை விட்டுவிட்டு, இஷாமின் ஓட்டோவில் அவரை ஏற்றினோம். தன்னாமுனை தாண்டும்வரை, "ஓட்டோ சீட்டு நாசமாகுது மகன், ஒரு சாக்கெடுத்து விரி" என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

மட்டக்களப்பு ஆசுபத்திரியில் முதலில் இரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் சத்திரசிகிச்சைப் பிரிவில் டொக்டர் தக்ஷாயினி பார்த்தார். நாற்பது வயது இருக்கும், அதிர்ந்து பேசாத பெண். திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், கையுறை போட்டு, ஒரு விரலால் சோதித்தார். அரை நிமிடம். வெளியே வந்தபோது டொக்டரின் முகம் மாறியிருந்தது. கமெரா போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு மேசையில் உட்கார்ந்து மூன்று பக்கப் படிவம் ஒன்றை எடுத்தார்.

"இது குடல் வருத்தத்தோட வாற எல்லாரிட்டயும் நாங்க கேக்கிறது. புற்றுநோயோட வாறவங்க, தசைமொட்டோட வாறவங்க, என்ன குணங்குறியோட வாறாங்க, எவ்வளவு பிந்தி வாறாங்க எண்டு பதியிறம். மறைக்காமச் சொல்லுங்க ஐயா."

வயது நாற்பத்தெட்டு. இரத்தம் எவ்வளவு காலம்? "ஒண்டரை வருஷம் இரிக்கும்." இரத்தத்தோடு சளி மாதிரி? "ஓம்." வெளிக்குப் போவதில் மாற்றம்? "போயிட்டு வந்தாலும் இன்னும் போகணும் போல இரிக்கிம். ஒரு நாளைக்கு ஆறு தரம், ஏழு தரம்." நிறை குறைந்ததா? "சாறன் இடுப்புல நிக்கிதில்ல." குடும்பத்தில் யாருக்காவது? "வாப்பாக்கு மூலம்."

"மூலமெண்டு ஆர் சொன்னது?"

டொக்டர் பேனையை அடுத்த கேள்விக்கு நகர்த்தினார்.

"முதன்முதலா ஆரிட்டக் காட்டினீங்க?"

படிவத்தில் பெட்டி பெட்டியாக இருந்தது: அரசாங்க ஆசுபத்திரி, தனியார் டொக்டர், மருந்துக்கடை, நாட்டு வைத்தியர். முகைதீன்பாவா திரும்பி என்னைக் கையால் காட்டினார். மரியாதையாக, கொஞ்சம் பெருமையாகக்கூட.

"இந்த ஹஸரத்துக்கிட்டத்தான் கேட்ட. விளக்கமாச் சொல்லித் தந்த."

டொக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க வைத்தியரா?"

"இல்ல. மௌலவி."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வேறு" என்று போட்டிருந்த கோட்டில் பேனையால் எழுதினார். தலைகீழாக இருந்தாலும் எனக்கு வாசிக்க முடிந்தது. "மௌலவி" என்று எழுதியிருந்தார்.

கமெராவில் குடலின் அடியில், ஆசனவாய்க்குச் சற்று மேலே கட்டி தெரிந்தது. மேலே இன்னும் ஐந்தாறு தசைமொட்டுகள், காளான் முளைத்த மாதிரி. அதில் சதை வெட்டி அனுப்பி, புற்றுநோய் என்று உறுதியானது. டொக்டர் மோதினாரையும் இஷாமையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"இதுவும் ஒரு காலத்தில இந்த மொட்டு மாதிரிச் சின்னதா இருந்ததுதான். பத்து வருஷம் எடுக்கும் இப்பிடி ஆகிறதுக்கு. அப்பவே பாத்திருந்தா கமெராவுக்குள்ளாலேயே வெட்டி எடுத்திருப்பம். சரி, இப்பவும் கை மிஞ்சிப் போகல்ல. ஸ்கேன்ல ஈரல் சுத்தமா இருக்கு. ஆனா கட்டி வாசலுக்குக் கிட்ட. அதால கீழ் வழிய மூடிட்டு வயித்தில ஒரு வழி வச்சி, அதில பை ஒட்டுவம். வாழ்நாள் முழுக்க அப்பிடித்தான் போகும். நாலு கிழமைக்குள்ள செய்யோணும்." பிறகு இஷாமைப் பார்த்தார். "நீங்க கூடப் பிறந்த தம்பிதானே? வாப்பாவுக்கும் இருந்திருக்கும் போல. நீங்களும் கட்டாயம் கமெரா போட்டுப் பாருங்க."

"எனக்கொண்டுமில்ல டொக்டர். காக்காட அலுவல் முடியட்டும், மறுகா வாறன்" என்று அண்ணனைக் காட்டிச் சொன்னான் இஷாம்.

வீட்டுக்கு வந்ததும் முகைதீன்பாவா ஒப்பரேஷன் வேண்டாம் என்றார். ஒரே பிடி. கைறுன்னிஸா காலைப் பிடித்து அழுதார். இஷாம் கத்தினான். நான் போய் உட்கார்ந்து, உயிரைக் காப்பது ஃபர்ளு, கடமை என்று ஆரம்பித்தேன். என்னைக் கையமர்த்தினார்.

"ஹஸரத், பூடு வெங்காயம் திண்டுட்டு அந்த வாடையோட பள்ளிக்கி வராதீங்க என்டு போன வருஷம் நீங்கதானே குத்பா ஓதின? மலக்குமாருக்கு நோவினை என்டு சொன்ன. பூட்டுக்கே அப்பிடியென்டா, வயித்துல பீப்பை கட்டினவன் எப்பிடி சஃபுல நிக்கிற? எப்பிடி மைக்கப் பிடிக்கிற?"

என் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தக் குத்பா எனக்கு நினைவிருக்கிறது. பூண்டு வாடையோடு வந்த ஒருவரில் எனக்கு எரிச்சல், அதைச் சாட்டாக வைத்து அரை மணித்தியாலம் வெளுத்து வாங்கினேன். "வருத்தம் வேற, பூடு வேற!" என்று கத்தினேன். "இது ஒங்கட கையில இல்லாத விசயம். ஒங்களுக்குச் சலுகை இரிக்கி. தொழலாம், பள்ளிக்கு வரலாம், பாங்கும் சொல்லலாம். நான் சொல்றன்!"

"நீங்க எனக்கு இரக்கப்பட்டுச் சொல்றீங்க" என்றார் மெதுவாக. "பெரிய ஹஸரத்துக்கிட்ட எழுதிக் கேட்டு வாங்கித் தாங்க. கடதாசி வந்தா நான் கத்திக்கிப் போறன். சத்தியம்."

பெரிய ஹஸரத் என்றால் எனக்கே ஓதித் தந்தவர். அந்த நேரம் மக்காவுக்கு உம்ராவுக்குப் போயிருந்தார். வர மூன்று கிழமை. நான் ஒரு போன் எடுத்திருக்கலாம். "வாயால சொல்லுங்க, லவுட்ஸ்பீக்கர்ல போடுறன், மோதினார் கேக்கட்டும்" என்றிருக்கலாம். செய்யவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன், மறைத்து என்ன? பை கட்டிய மனிதர் பள்ளிக்குள் வருவது சரிவருமா என்று நிர்வாகசபையில் ஒருவர் என்னிடம் முனகியிருந்தார். அவர் வாயை அடைக்க எனக்கும் ஒரு கடதாசி தேவைப்பட்டது. மோதினாரின் பிடிவாதத்துக்குப் பின்னால் என் கோழைத்தனத்தை ஒளித்துக்கொண்டேன். அழகான கையெழுத்தில் நாலு பக்கம் கேள்வி எழுதி, ஆதாரங்களைக் குறிப்பிட்டு, அவர் திரும்பி வரும்வரை வைத்திருந்தேன்.

நாலு கிழமை போனது. குறித்த திகதியும் போனது. ஆசுபத்திரியிலிருந்து இஷாமுக்கு இரண்டு தரம் அழைத்தார்கள். பெரிய ஹஸரத் வந்த மூன்றாம் நாளே பதில் எழுதி அனுப்பினார். ஆறு வரி. எல்லாம் கூடும் என்று எழுதி, அடியில், "இதைக் கேட்பதற்கா இவ்வளவு நாள் காத்திருந்தீர்?" என்று கேட்டிருந்தார். கடதாசியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்போதே மோதினாருக்கு வயிறு வீங்கி, வெளிக்குப் போவது அடைத்துக்கொண்டுவிட்டது.

மறுநாள் கத்தி வைத்தார்கள். நாங்கள் வெளியே மூன்று மணித்தியாலம் இருக்க வேண்டி வரும் என்று நினைத்தோம். ஒரு மணித்தியாலத்தில் டொக்டர் வந்துவிட்டார். சீக்கிரம் வந்ததும் கைறுன்னிஸா, "அல்ஹம்துலில்லாஹ், முடிஞ்சிட்டா?" என்று எழும்பினார்.

"கட்டியை எடுக்கேல்ல அம்மா. வயித்துக்குள்ள பரவிட்டுது, ஈரலுக்கும் போயிட்டுது. அடைப்புக்கு மட்டும் வழி விட்டுப் பை வச்சிருக்கம்."

எந்தப் பைக்குப் பயந்து கத்தியை மறுத்தாரோ, அந்தப் பை வந்துவிட்டது. உயிர்தான் நிற்காது என்றாகிவிட்டது. நான் ஆசுபத்திரிப் படியில் உட்கார்ந்து, தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெரிதாக அழுதேன். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பையை மாற்றுவது எப்படி என்று தாதி கைறுன்னிஸாவுக்கும் இஷாமுக்கும் காட்டிக் கொடுத்தார். கைறுன்னிஸாவுக்கு அது கைவரவில்லை. இஷாம்தான் செய்தான். காலையில் ஓட்டோ எடுக்க முன் வருவான், பின்னேரம் மறுபடி வருவான். காக்காவின் வயிற்றில் சிவந்து நிற்கிற அந்தச் சதை வாயைத் துடைத்து, புதுப் பை ஒட்டி, பழையதைக் கட்டிக்கொண்டு போவான்.  முகைதீன்பாவா ஒவ்வொரு நாளும் கேட்பார்: "கமெராக்குப் போனயா மகன்?" "ஓம் காக்கா, போறன்." "எப்ப?" "திகதி எடுக்கணும் காக்கா." டொக்டர் தந்த துண்டு ஓட்டோவின் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. நானும் இரண்டு தரம் சொன்னேன். "பாப்பம் ஹஸரத்" என்றான். என்னால் அவனை அதட்ட முடியவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதட்டுவது?

இரண்டாம் மாதம் ஒரு ஜும்ஆ நாளில், குத்பாவுக்கு ஏறும்போது, வெளியே செருப்புக் கழற்றுகிற இடத்தில் அவரைக் கண்டேன். வெள்ளை உடுப்பு, அத்தர் மணம் தூரத்துக்கே அடித்தது. கதவு நிலைக்கு வெளியே பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மிம்பரிலிருந்து இறங்கினேன். சனம் என்ன என்று பார்க்க, நடுவால் நடந்துபோய் அவருடைய கையைப் பிடித்தேன்.

"வேணாம் ஹஸரத், சனம் இரிக்கி."

"எழும்புங்க!"

முதல் சஃபில், முன் வரிசையில், கொண்டுபோய் நிறுத்தினேன். நிர்வாகசபையில் முனகிய அந்த மனிதர்தான் பக்கத்தில் இருந்தார். அவர் எழும்பி விலகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, மோதினாரின் முழங்காலில் கையை வைத்தார். தொழுகை முடிந்தது. ஒரு வாடையும் இல்லை. ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. சனம் வரிசையில் வந்து கை கொடுத்தது. எல்லோரும் போன பிறகு முகைதீன்பாவா என்னைப் பார்த்தார். கண்ணால் நீர் ஓடுகிறது.

"இவ்வளவுதானா ஹஸரத்?" என்று கேட்டார். "இதுக்கா நான் பயந்த?"

வாசலில் கிடந்த அவருடைய பாயை எடுத்துச் சுருட்டினேன். 

நான்காம் மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில், சூரியன் ஏறின பிறகு மௌத்தானார். கடைசி நாட்களில் மருந்தெல்லாம் தாண்டி நோவு. எலும்பும் தோலும்தான் மிஞ்சியிருந்தது. கைறுன்னிஸா கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று லுஹருக்குப் பிறகு ஜனாஸாத் தொழுகை. பள்ளி கொள்ளாத சனம். வழக்கப்படி தொழுகைக்கு முன் உறவுக்காரர் ஒருவர் எழுந்து, மரணித்தவருக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும். இஷாம் எழுந்தான்.

"எங்கட காக்கா யாருக்கும் ஒரு சொல்லாலயோ செயலாலயோ நோவினை செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கொள்ளுங்க."

சனம் "மன்னிச்சிட்டம், மன்னிச்சிட்டம்" என்றது. எனக்குத் தாங்க முடியவில்லை. யார் யாரை மன்னிப்பது? தொழுகையைத் தொடங்கத் தக்பீர் கட்டாமல் சனத்தின் பக்கம் திரும்பினேன்.

"மன்னிப்புக் கேக்க வேண்டியது அவரல்ல, நான். இந்த மனுசன் ரத்தம் போகுது என்டு எனக்கிட்ட வந்து சொன்ன. நான் வுழூவச் சொல்லிக் குடுத்து அனுப்பின. ஆசுபத்திரிக்குப் போங்க என்டு சொல்லல்ல. ஒங்கள்ல யாருக்காச்சும் அப்பிடி ரத்தம் போகுதென்டா, வெக்கத்தத் தூக்கி வாவிக்குள்ள போட்டுட்டு இண்டைக்கே போங்க. எனக்கிட்ட வராதீங்க!"

  எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் திரும்பி, தக்பீர் கட்டினேன்.

மையவாடியில் மையத்தை இறக்குவதற்கு இஷாம்தான் குழிக்குள் இறங்கினான். காக்காவை வலப்பக்கம் சாய்த்து வைத்து, கன்னத்தை மண்ணில் படச் செய்து, கஃபன் முடிச்சை அவிழ்த்தான். மேலே ஏற நான் கை கொடுத்தேன். ஏறியவன் என் கையை விடவில்லை. மண் ஒட்டிய கை. சனம் மூன்று பிடி மண் போட முந்திக்கொண்டிருந்தது. என் காதருகில் வாயைக் கொண்டு வந்தான்.

"ஹஸரத், எனக்கும் வருகுது."

"என்ன?"

"ரத்தம். நாலு மாசமா."

 தலைகால் தெரியாத கோபம், பயம், எல்லாம் ஒன்றாக வந்தது. அடக்கம் முடிந்ததும் தல்கீன் ஓதுவது என் கடமை. சின்ன மௌலவியைக் கூப்பிட்டு, "நீங்க ஓதுங்க" என்றேன். இஷாமின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். "மண்ணாச்சும் போட்டுட்டு வாறன் ஹஸரத்" என்றான். விடவில்லை. காக்காவின் மண்ணைப் போட நூறு பேர் நின்றார்கள். ஓட்டோவை அவனே ஓட்டினான். ஓட்டும்போது விம்மினான். நான் பின்னால் உட்கார்ந்து, கண்ணாடிக்குப் பின்னால் கிடந்த மஞ்சள் துண்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

டொக்டர் தக்ஷாயினி வாட்டில் இருந்தார். மண் ஒட்டிய சாறனைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார். "எப்ப?" என்று மட்டும் கேட்டார். காலையில் என்றேன். துண்டை மேசையில் வைத்தேன். அவர் இஷாமை உட்காரச் சொல்லி, எவ்வளவு காலமாக இரத்தம் போகிறது என்று கேட்டார்.

"நாலு மாசம்" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

இஷாம் தலையை நிமிர்த்தவில்லை. "இல்ல டொக்டர்" என்றான். "ஹஸரத்துக்குக் குறைச்சிச் சொன்ன. காக்காவ முதல்முதல் இஞ்ச கொண்டு வந்த அண்டைக்கே எனக்கு வந்துக்கிட்டுத்தான் இருந்த. அதுக்கு முந்தியும்."

"அண்டைக்கு உங்களுக்கு நேர சொன்னனே தம்பி!"

"நான்தானே காக்காட பைய மாத்தின" என்றான். "ஒவ்வொரு நாளும் பாத்தன். பயந்திட்டன் டொக்டர்."

 டொக்டர் பேனையை வைத்துவிட்டு, கையிலுள்ள மண்ணைக் கழுவிக்கொண்டு வந்து திரைக்குப் பின்னாலுள்ள கட்டிலில் ஏறும்படி அவனிடம் சொன்னார்.